பெரியம்மா வடித்த கல்யாணப் பியர்

என் பெரியம்மா சத்தியபாமா மெல்பேர்ன், கிரெய்கிபர்னில் பஸ் ஓட்டுகிறா. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் அந்தப் பஸ்ஸில் ஏறிப் பார்த்தால்தான் அவ யார் என்று விளங்கும். பின்னுக்கு இருக்கிற ஒருத்தன் சப்பாத்துக் காலைத் தூக்கி முன் சீற்றில் வைத்தால் பஸ் நகராது. அவ ஒன்றும் சொல்லமாட்டா. எஞ்சினை நிப்பாட்டிவிட்டுக் கண்ணாடியில் அவனையே பார்த்துக்கொண்டிருப்பா. கொஞ்ச நேரத்தில் முழுப் பஸ்ஸும் திரும்பி அவனைப் பார்க்கும். கால் இறங்கும். பஸ் வெளிக்கிடும். நான் இரண்டு பள்ளிக்கூடங்களில் படித்து, இரண்டிலும் அதிபரின் அறைக்கு வழி கேட்காமல் போகத் தெரிந்தவள். அங்கே ஒருத்தரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை படிப்பை முடித்திருப்பேன். இப்போது சிட்னி, ஸ்ட்ராத்ஃபீல்டில் போனுக்கு உறை விற்கிறேன், அதுவும் நல்லாத்தான் போகிறது.

பஸ் அவவின் வேலை. அவவின் கெட்டித்தனம் பியர்.

அது ஒரு பீப்பாயால் வந்தது. கவுன்சில்காரர் பெரிய குப்பை எடுக்க வருகிற கிழமையில் சனங்கள் வேண்டாத கட்டில், கதிரை, ரிவி எல்லாவற்றையும் வீட்டுக்கு முன்னால் புல்லில் வைப்பார்கள். அப்படி ஒரு வீட்டு வாசலில் பெரியம்மா ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பீப்பாயைக் கண்டா. நல்ல மூடி, அடியில் ஒரு பைப். கோயில் தேருக்கு மோர் ஊத்த இதைவிட நல்ல சாமான் கிடையாது என்று காரில் ஏற்றி வந்துவிட்டா. சோப் போட்டுக் கழுவினா, தேசிக்காய்ப் புளி விட்டுக் கழுவினா, வெயிலில் கவிழ்த்து வைத்தா. மணம் போகவில்லை. பாணும் தோடம்பழத் தோலும் சேர்ந்த மாதிரி ஒரு மணம். கழுவினாலும் போகாத மணம் என்றால் அது என்ன என்று தெரியாமல் பெரியம்மாவுக்கு இருப்புக்கொள்ளாது. திரும்பப் போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டா. அந்த மனுசன் சிரித்துவிட்டு, அது பியர் வடிக்கிற பீப்பாய் என்று சொல்லி, கராஜில் மிச்சம் கிடந்த மோல்ட் ரின் ஒன்றையும் தூக்கிக் கொடுத்தான்.

வேறு யாராவது என்றால் ரின்னையும் பீப்பாயையும் அங்கேயே வைத்துவிட்டு வந்திருப்பார்கள். பெரியம்மா வீட்டுக்கு வந்து பெரிய பானையை அடுப்பில் வைத்தா.

முதல்முறை வடித்தது புளித்துப்போனது. இரண்டாம்முறை ஒரு போத்தல் வெடித்து, பக்கத்தில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த தருமராசா பெரியப்பாவின் சாரத்தை நனைத்தது. மூன்றாம்முறை சரி. அதற்குப் பிறகு பிழை வந்ததாக அவ ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. முளைக்கவிட்டுக் காயவைத்த பார்லிதான் மோல்ட். அதையும் ஹொப்ஸ் என்கிற கசப்புப் பூவையும் தண்ணீரில் கொதிக்கவிட்டு வருகிறதைப் பெரியம்மா கஷாயம் என்று சொல்லுவா. கஷாயம் ஆறினதும் ஈஸ்ட் போடவேணும். ஈஸ்ட் சீனியைத் தின்று பியர் ஆக்கும். "மிச்சமெல்லாம் துப்பரவு. நல்லாக் கழுவத் தெரிஞ்சவளுக்குப் பியர் வடிக்கத் தெரியும்," என்பா. பெரியப்பா ஒரு சொட்டும் குடிக்கமாட்டார். போத்தல் கழுவுகிறது அவர் பொறுப்பு.

ஊர்ச் சனத்துக்கு இதெல்லாம் விளங்காது. எங்கட ஆக்களுக்கு வீட்டில் குடிவகை செய்கிறது என்றால் ஒரே சொல்தான்: கசிப்பு. களவாய்க் காய்ச்சுகிற, பொலிஸ் வந்தால் கிணற்றுக்குள் எறிகிற சாமான். கோயிலில் ஒரு அன்ரி பெரியம்மாவிடம், "சத்தியா, நீர் கசிப்புக் காய்ச்சிறீராம், உண்மையோ?" என்று கேட்டா. பெரியம்மா, "இல்லை, பியர் வடிக்கிறன். இந்த நாட்டில அது குற்றமில்லை. உங்களுக்கு ஒரு போத்தல் தரட்டே?" என்றா. அன்ரி பிரசாதத்தையும் எடுக்காமல் போய்விட்டா. அன்ரியின் மனுசன் மட்டும் பிறகு வந்து ஒரு போத்தல் வாங்கிக்கொண்டு போனார்.

போன வருஷக் கடைசியில் பெரியம்மாவின் ஒரே மகள் சுஜீவாவுக்குக் கல்யாணம் சரிவந்தது. மாப்பிள்ளை வீட்டார் சிட்னி, வெஸ்ட்மீட்டில் இருக்கிறவர்கள். தை மாதம், கிரெய்கிபர்னில் ஒரு ஹோலில் கல்யாணமும் பின்னேரம் விருந்தும். குடிவகை நாங்களே கொண்டுபோகலாம் என்று ஹோல்காரர் சொன்ன அன்றே பெரியம்மா அறிவித்துவிட்டா: "விருந்துக்குப் பியர் நான் வடிக்கிறன்."

சுஜீ அக்காவின் முகம் போன போக்கு எனக்கு வீடியோ போனிலேயே தெரிந்தது. அவ ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பில் நிற்கிறவ. வாய் திறந்து கிடக்கிற சனத்தையே புன்சிரிப்போடு பார்க்கத் தெரிந்தவ, அன்றைக்குச் சிரிக்கவில்லை. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். பெரியம்மா வடிக்கட்டும். கல்யாணத்துக்கு முதல் சுஜீ அக்கா குடித்துப் பார்ப்பா. அவ ஓம் என்றால் ஹோலுக்குப் போகும். இல்லை என்றால் கடைப் பியர், அதைப்பற்றி வீட்டில் பிறகு ஒருத்தரும் கதைக்கக்கூடாது.

"நீ ஓம் எண்டுதான் சொல்லுவாய்," என்றா பெரியம்மா.

"அம்மா, நான் இன்னும் குடிக்கவே இல்லை."

"அதுதான் சொல்லுறன். குடிச்சாப் பிறகு சொல்லுவாய்."

நானும் அம்மாவும் கல்யாணத்துக்கு மூன்று கிழமைக்கு முன்னமே சிட்னியிலிருந்து வந்துவிட்டோம். என் அம்மா ரஞ்சினி பெரியம்மாவின் தங்கை. அம்மா உதவி செய்ய வந்தவ. நான் வந்தது உபத்திரவம் செய்ய. வந்த அன்றே பீப்பாயில் உருளுகிற பிளாஸ்டிக் கண் இரண்டை ஒட்டிவிட்டேன். பெரியம்மா பார்த்தா, கழட்டவில்லை. சாமி அறைக்குப் போய்க் குங்குமம் எடுத்து வந்து, கண்ணுக்கு நடுவில் ஒரு பொட்டும் வைத்துவிட்டுப் போனா. அவவோடு விளையாடினால் இப்படித்தான், நாங்கள் தொடங்குவதை அவ முடித்துவைப்பா.

ஒரேயொரு சிக்கல் இருந்தது. ஈஸ்ட்டுக்கு வெக்கை ஆகாது. கூடச் சுட்டால் பியர் மணத்துப்போகும். மற்ற வருஷங்களில் பெரியம்மா கராஜில் இருக்கிற பழைய பிரிட்ஜுக்குள் பீப்பாயை வைத்துத்தான் புளிக்க விடுவா. கல்யாண வீட்டில் அந்தப் பிரிட்ஜ் முழுக்கப் பலகாரமும் தேங்காய்ப்பாலும் மரக்கறியும். வெளியிலோ, இந்த நாட்டுக்குத் தை மாதம் நடுக்கோடை, பாலைவனத்து வடகாற்று அடித்து, தார் ரோட்டே இளகுகிற வெயில்.

பெரியம்மா அதையும் யோசித்துத்தான் வைத்திருந்தா. பியர்ச் சாமான் விற்கிற கடையில் ஒரு புது உலர் ஈஸ்ட் வந்திருந்தது. பக்கற்றில் மலைப் படம் போட்டது. எவ்வளவு வெக்கையிலும் கெட்ட மணம் வராது, மற்ற ஈஸ்ட்டைவிடக் கெதியாய் வேலை செய்யும் என்று கடைக்காரன் சொன்னான். அவனிடம் கடைசியாய் இருந்த பக்கற்றை வாங்கிவந்து பிரிட்ஜ் கதவில், வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்தா. அடுத்தநாள் கடைக்காரன் விடுமுறைக்குக் கடையைப் பூட்டிவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய்விட்டான்.

"புது ஈஸ்ட்டை ஒருக்காலும் பாவிச்சுப் பாக்காமல் கல்யாணத்துக்கே போடுறீங்களோ?" என்று கேட்டேன்.

"புது பஸ் வந்தாலும் நான் முதல் நாளே சனத்தை ஏத்திக்கொண்டுதான் போறனான்," என்றா.

வெயில் ஏற முதல் முடிக்கவேணும் என்று விடியவே எழும்பிக் கஷாயம் காய்ச்சினா. வீடு முழுக்கப் பாண்கடை மணம். பானையை மூடி, குளியலறைத் தொட்டியில் ஐஸ் தண்ணீருக்குள் ஆற வைத்துவிட்டுக் குசினிக்கு வந்தா. அங்கே அம்மா எல்லாருக்கும் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தா. அன்றைக்கு அப்பம் வந்த மாதிரி நான் ஒருநாளும் காணவில்லை. ஓரம் மொறுமொறு என்று லேஸ் மாதிரி, நடு பஞ்சு. பெரியப்பா கதைக்கவே இல்லை, தின்றுகொண்டிருந்தார்.

"ரஞ்சி, இண்டைக்கு நல்லாத்தான் பொங்கியிருக்கு. என்ன செய்தனீ?" என்று பெரியம்மா கேட்டா.

"ஒண்டும் புதுசா இல்லை அக்கா. உங்கட தண்ணி நல்ல தண்ணி போல."

பெரியம்மா இரண்டாவது அப்பத்தைக் கோப்பையில் வைத்துவிட்டு, ஈஸ்ட்டை எடுக்கப் பிரிட்ஜைத் திறந்தா. கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தா. பிறகு திரும்பி என்னைப் பார்த்தா.

"ராகவி."

"என்ன பெரியம்மா?"

"எடு."

"எதை?"

"பகிடியெல்லாம் பிறகு. கஷாயம் ஆறுது. பக்கற்றை எடு."

"சத்தியமா நான் எடுக்கேல்லை."

அந்த வீட்டில் என் சத்தியத்துக்கு மதிப்பில்லை. முதல்நாள்தான் பெரியப்பாவின் போனை ஜப்பான் மொழிக்கு மாற்றிவிட்டிருந்தேன். அந்த மனுசன் இன்னும் தன் தம்பிக்குக் கோல் எடுக்க வழி தெரியாமல் இருந்தார்.

"நொட் ஃபன்னி, ராகவி. குடு," என்றா சுஜீ அக்கா.

நான் இரண்டு பொக்கற்றையும் வெளியே இழுத்துக் காட்டினேன். ஒரு பிளாஸ்டிக் கரப்பான் விழுந்தது. அது என் பக்கத்துக்கு உதவியாய் இல்லை.

அப்போதுதான் அடுப்படியிலிருந்து அம்மா கேட்டா, "எந்தப் பக்கற் அக்கா?"

"வெண்ணெய்க்குப் பக்கத்தில இருந்தது. மலைப் படம் போட்டது."

அப்பச்சட்டியைச் சுழற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. மா ஒரு பக்கமாய் வழிந்து தடித்தது.

"அது ஈஸ்ட் தானே?"

"ஓம். ஈஸ்ட் தான்."

"அப்பிடித்தானே அதில எழுதிக் கிடந்தது."

பெரியப்பா வாய்க்குக் கொண்டுபோன அப்பத்தை மெல்லத் திரும்பக் கோப்பையில் வைத்தார். களவுபோன சாமானைத்தான் தின்றுகொண்டிருக்கிறோம் என்று அவருக்கு விளங்கிவிட்டது.

"ரஞ்சி, அது பியருக்கு வாங்கினது."

"எனக்கென்ன தெரியும்? எங்கட வீட்டுப் பிரிட்ஜில ஈஸ்ட் இருந்தா அது அப்பத்துக்குத்தான்." அம்மாவின் குரல் உடைந்தது. "நான் உங்களுக்கு உதவியா இருக்கட்டும் எண்டு..."

"சரி விடுங்கோ அம்மா," என்றா சுஜீ அக்கா. "கடையிலயே வாங்குவம். பெரிய விஷயமில்லை." அந்தக் குரலில் எவ்வளவு நிம்மதி இருந்தது என்று எல்லாருக்கும் கேட்டது. பெரியம்மாவுக்கும் கேட்டிருக்கும்.

பெரியம்மா கதிரையை இழுத்துப்போட்டு இருந்தா. மிச்ச அப்பத்தைப் பிய்த்துச் சம்பலில் தொட்டு, ஆறுதலாய்த் தின்று முடித்தா. விரலை நக்கினா. பிறகு அம்மாவை விசாரிக்கத் தொடங்கினா.

"மாவுக்கு என்னென்ன போட்டனீ?"

"பச்சையரிசி. ஒரு கை சோறு. சீனி. உந்த ஈஸ்ட்."

"முழுப் பக்கற்றுமோ?"

"சனம் கூடத்தானே."

"உப்பு?"

"காலமைதான் போட்டனான். பாலும் காலமைதான்." அம்மா மூக்கைத் துடைத்தா. "நாளைக்குச் சுட எண்டு கொஞ்சத்தைப் புறம்பா எடுத்து வைச்சனான். அதுக்குள்ள பாலும் விடேல்லை, உப்பும் போடேல்லை."

"எங்க?"

ஐஸ்கிறீம் டப்பா ஒன்றில், உடுப்புத் தோய்க்கிற அறையில், துவாயால் மூடியிருந்தது. பெரியம்மா மூடியைத் திறந்து மூக்கை வைத்தா. மா முழுக்கக் குமிழி. பார்த்துக்கொண்டிருக்கவே ஒன்று பொங்கி உடைந்தது.

"ஆள் உயிரோட இருக்கு," என்றா.

"அம்மா, நோ," என்றா சுஜீ அக்கா. "அது அப்ப மா. அதைக் கொண்டுபோய்க் கலியாணத்துக்கு..."

"மாவை ஊத்தேல்லை. மாவுக்குள்ள இருக்கிறவரைத்தான் கூப்பிடப்போறன்."

ஒரு சாடியைக் கொதிதண்ணீரில் அவித்து எடுத்தா. ஆறின கஷாயம் கொஞ்சம், அதற்குள் ஒரு அகப்பை மா. கலக்கி மூடி வைத்தா. அரிசி எல்லாம் மெல்ல அடியில் இறங்கியது. மத்தியானத்துக்குப் பிறகு மேலே நுரை கட்டியது. அம்மா அந்தச் சாடிக்குப் பக்கத்திலேயே கதிரை போட்டு இருந்தா, ஆஸ்பத்திரியில் ஆளுக்குத் துணை இருக்கிற மாதிரி. இடைக்கிடை, "அக்கா, மேல வருது," என்று செய்தி அனுப்பினா.

பெரியம்மா குருட்டு நம்பிக்கைக்காரி இல்லை. கஷாயத்தை இரண்டாய்ப் பிரித்தா. ஒரு பாதி கண் வைத்த பீப்பாய்க்குள், அதற்குக் குசினி மேசை லாச்சியில் கிடந்த பழைய ஈஸ்ட். மறு பாதி இன்னொரு வாளிக்குள், அதற்குச் சாடியில் மேலே நின்ற நுரைத்தண்ணீர். அரிசிமண்டி சாடியோடு நின்றது. ஒரே கஷாயம், ஒரே வெக்கை, இரண்டு ஈஸ்ட்.

"ரெண்டும் சரிவராட்டி?" என்று சுஜீ அக்கா கேட்டா.

"ஒண்டு வரும்."

"எப்பிடித் தெரியும்?"

"வராட்டி இத்தனை வருஷமும் நான் என்னத்தை வடிச்சனான்?"

அடுத்து வந்த நாட்களில் மெல்பேர்ன் கொதித்தது. கராஜுக்குள் போனால் போட்டிருக்கிற கண்ணாடியில் ஆவி படியும். பழைய ஈஸ்ட் போட்ட பீப்பாய் மெல்ல, மரியாதையாய்க் குமிழி விட்டது. அப்ப மாவின் வாளி அப்படியில்லை. அடுத்தநாளே மூடியைத் தள்ளிக்கொண்டு நுரை வெளியே வந்து நிலத்தில் வழிந்தது. பெரியப்பா சீலைத்துண்டோடு ஓடித் திரிந்தார். பெரியம்மா பின்னேரத் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு கராஜுக்கே போய்விடுவா. வாளிக்கு முன்னால் ஒரு கதிரை. பாட்டுக் கேட்கிற ஆளைப்போல அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பா. நானும் போய்ப் பக்கத்தில் நிலத்தில் இருப்பேன். அங்கே மட்டும் எனக்கு ஏதும் செய்யவேண்டும் என்று கை துருதுருக்காது. ஏன் என்று தெரியாது.

குமிழி அடங்கினதும் இரண்டையும் கிளாஸில் பிடித்து மணந்து பார்த்தா. பழைய ஈஸ்ட்டின் பாதி, நகப்பூச்சு அழிக்கிற தண்ணீர் மாதிரி மணந்தது. வெக்கை அதைக் கெடுத்துவிட்டது. பெரியம்மா பீப்பாயை முற்றத்துக்கு உருட்டிக்கொண்டுபோய்ப் பைப்பைத் திறந்து, அவ்வளவையும் தேசிமரத்துக்கு விட்டா. ஒரு பெருமூச்சுக்கூட இல்லை. மற்றப் பாதியை இரும்பால் செய்த சின்ன உருளைப் பீப்பாய் ஒன்றில் அடைத்து, நுரைக்கக் காஸ் ஏற்றி, பிரிட்ஜில் ஒரு தட்டுப் பலகாரத்தை வெளியேற்றிவிட்டு உள்ளே வைத்தா. புளிச்ச பிறகு குளிர்தான் நல்லதாம்.

கல்யாணத்துக்கு முந்தின கிழமைச் சனிக்கிழமை, கராஜில், சுஜீ அக்கா குடித்துப் பார்த்தா. பெரியம்மா கிளாஸைச் சரித்துப் பிடித்து நிரப்பினா. வெயிலுக்கு எதிரே பிடித்தால் கொஞ்சம் கலங்கல், இளநீருக்குத் தேன் விட்ட நிறம். அம்மா வாசல்படியில் நின்று சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தா. அந்த வீட்டில் பியரே தொடாத ஒருத்திக்கு அவ்வளவு பதற்றம்.

சுஜீ அக்கா ஒரு வாய் குடித்தா. நின்றா. இன்னொரு வாய் குடித்தா.

"தோடம்பழம் போட்டனீங்களோ?"

"இல்லை. ஈஸ்ட்டின்ர வேலை."

"கடைசியில கொஞ்சம் புளிக்குது. ஆனா கெட்ட புளிப்பு இல்லை." கிளாஸை முடித்தா. "இட்ஸ் குட், அம்மா. உண்மையா நல்லா இருக்கு."

நானும் ஒரு வாய் குடித்தேன். எனக்குப் பியர் பிடிக்காது. இது பிடித்தது. வாயில் மெத்தென்று இறங்கி, விழுங்கின பிறகு தோடம்பழத் தோல் கடித்த மாதிரி நின்றது. அம்மா வாசல்படியில் நின்று கடவுளுக்கு நன்றி சொன்னா. எந்தக் கடவுள் பியரைப் பொறுப்பெடுத்தது என்று நான் கேட்கவில்லை.

பெரியம்மா தலையை ஆட்டினா. தனக்கு முன்னமே தெரிந்ததை இப்போதுதான் மற்றவர்களும் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்கிற மாதிரி.

"அப்ப ஹோலுக்குக் கொண்டுபோவம்," என்றா சுஜீ அக்கா. "ஆனா ஒண்டு. யார் வடிச்சது எண்டு சொல்ல வேண்டாம். ‘கிராஃப்ட் பியர்’ எண்டு மட்டும் ஒரு போர்ட் வைப்பம். கேட்டா வாங்கினது எண்டு சொல்லலாம்."

பெரியம்மா கிளாஸை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தா.

"ஏன்?"

"ஏன் எண்டு தெரியும்தானே. அவையின்ர பக்கத்தில நூறு பேர் வருவினம். கலியாணப் பொம்பிளையின்ர தாய் கசிப்புக் காய்ச்சிறா எண்டு கதை கட்டுவினம். அவைக்கு வித்தியாசம் தெரியாது. உங்களைப் பாத்துச் சிரிப்பினம் அம்மா. எனக்கு அது விருப்பமில்லை."

"என்னைப் பாத்துச் சிரிச்சா உனக்கென்ன?"

"எனக்குத்தான்."

பெரியம்மா தண்ணிக் குழாயைப் பூட்டிவிட்டுத் திரும்பினா. கோபம் இல்லை.

"உன்ர கூறைச் சீலைக்கு பிளவுஸ் தைச்சது ஆர்?"

"நீங்கள்."

"ஆர் கேட்டாலும் என்ன சொல்லுறாய்?"

"அம்மா தைச்சது எண்டு."

"இதுவும் நான் செய்தது. பேரில்லாமல் நான் அனுப்பமாட்டன், சுஜீ. கடைப் பியர் வாங்கு. எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. இது இங்க நிக்கட்டும்."

சுஜீ அக்கா கண் கலங்கி உள்ளே போய்விட்டா. பிறகு அதைப்பற்றி ஒருத்தரும் கதைக்கவில்லை. உடன்பாட்டில் அப்படித்தானே இருந்தது. பெரியப்பா போய்க் கடைப் பியர் பெட்டிபெட்டியாய் வாங்கி வந்தார். பெரியம்மா அவற்றை இறக்க உதவியும் செய்தா, எந்தப் பெட்டி கீழே, எந்தப் பெட்டி மேலே என்று சொல்லியும் கொடுத்தா. எல்லாம் வழக்கம்போலத்தான். பின்னேரத் தேத்தண்ணியை மட்டும் குசினியில் நின்று குடித்தா. அது எனக்குத்தான் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவ வெங்காயம் உரிக்கும்போது பக்கத்தில் போய் இருந்தேன்.

"பெரியம்மா, நான் ஒரு வேலை செய்யட்டே? கப் எல்லாத்திலயும் உங்கட படத்தை ஒட்டி விடுறன். பஸ் தொப்பியோட. ஹோலில ஒருத்தருக்கும் முன்னமே தெரியாது."

அவ சிரித்தா. கன நாளைக்குப் பிறகு.

"வேண்டாம் பிள்ளை."

"ஏன்? சும்மா கிடந்து வீணாப் போகப்போகுது."

"நீ ஒட்டினா அது உன்ர பகிடி. அவ சொன்னாத்தான் அது என்ர பியர்." வெங்காயத் தோலை என் மடியில் போட்டா. "நீ நல்ல பிள்ளை, ராகவி. கொஞ்சம் வாலைச் சுருட்டிக்கொண்டு இரு."

என்னை நல்ல பிள்ளை என்று ஒருத்தரும் சொல்லுவதில்லை. வெங்காயம் உரிக்கிற இடத்தில் சொன்னது நல்லதாய்ப் போனது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்க, மாப்பிள்ளை வீட்டார் சிட்னியிலிருந்து வந்து இறங்கினார்கள். அதற்குள் பிரிட்ஜில் இடம் போதாமல், இரும்புப் பீப்பாய் கராஜ் மூலையில் பெரிய ஐஸ் வாளிக்குள் நின்றது. அவர்கள் வருகிறார்கள் என்று போன் வந்ததும், சுஜீ அக்கா ஒரு பழைய கட்டில் சீலையை எடுத்துப்போய் அதை மூடிவிட்டா. பெரியம்மா அதைக் கண்டுவிட்டு, தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கப் போனா.

மாமனார் விக்னராஜா அங்கிள் வாசலால் வரவில்லை. சோடாப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நேரே கராஜுக்குள் வந்தார். நல்ல மனுசன், ஆனால் ஓரிடத்தில் நிற்கமாட்டார். மூலையில் இடம் கண்டு பெட்டியை வைக்கக் குனிந்தவரின் பெட்டி சீலையில் கொழுவிக்கொண்டது. நிமிர்ந்தபோது சீலையும் அவரோடு வந்தது.

"இதென்ன, காஸ் சிலிண்டரோ?"

கராஜில் நான், சுஜீ அக்கா, பெரியப்பா, குசினி வாசலில் பெரியம்மா. என் நாக்கில் நாலைந்து பொய் வரிசையில் வந்து நின்றது. எல்லாம் நல்ல பொய்கள். பெரியம்மா சொல்லியிருந்ததற்காக வாயை மூடிக்கொண்டேன். பெரியம்மாவும் சொல்லவில்லை. துவாயில் கையைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தபடி நின்றா.

சுஜீ அக்காவின் முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது.

"பியர், மாமா," என்றா.

"இவ்வளவும் பியரோ? எங்க வாங்கினது?"

சுஜீ அக்கா என்னைப் பார்த்தா, பிறகு பெரியம்மாவைப் பார்த்தா.

"வாங்கேல்லை. அம்மா வடிச்சது. கலியாணத்துக்கெண்டு."

"வீட்டிலயோ?" அவர் பீப்பாயைச் சுற்றி வந்தார். "எட, கசிப்பு மாதிரியோ?"

"இல்லை மாமா. கசிப்பு எண்டா கொதிக்கவைச்சு ஆவி பிடிக்கவேணும். இது புளிக்க விடுறது. பார்லியை அவிச்சு, ஆறவிட்டு, ஈஸ்ட் போட்டு. இந்த வெக்கைக்கு மற்ற ஈஸ்ட் எல்லாம் மணக்கும், அதால அம்மா ஒரு புது ஈஸ்ட் எடுத்தவ. பிறகு அதை ரஞ்சினிச் சித்தி அப்பத்துக்குப் போட்டிட்டா. அம்மா மாவிலயிருந்து அதைத் திரும்ப எடுத்தவ."

அவ நிறுத்தவில்லை. கஷாயத்தை ஏன் பிரித்தது, ஒரு பாதி ஏன் தேசிமரத்துக்குப் போனது, எவ்வளவு குளிரில் வைக்கவேணும், எல்லாம் சொன்னா. இத்தனை வருஷமும் காதைப் பொத்திக்கொண்டு திரிந்தவ என்று நினைத்தோம். ஒன்றையும் தவறவிடாமல் கேட்டிருக்கிறா.

விக்னராஜா அங்கிள் அப்பக் கதையிலேயே நின்றுவிட்டார். சிரித்துச் சிரித்துப் பெட்டிமேல் இருந்துவிட்டார். "அப்ப அந்த அப்பம் எப்பிடி?"

"அதுவும் நல்லாத்தான் இருந்தது," என்றார் பெரியப்பா.

"ஊத்தட்டே மாமா?" என்று சுஜீ அக்கா கேட்டா.

"இண்டைக்கு வெள்ளி. தொடமாட்டன் பிள்ளை. கலியாணத்தண்டு பாப்பம்."

அவர் குடிக்கவும் இல்லை, நல்லது கெட்டது சொல்லவும் இல்லை. பெரியம்மாவுக்கு அது தேவைப்பட்டதாகவும் தெரியவில்லை. கீழே விழுந்த சீலையை எடுத்து உதறி நாலாய் மடித்தா. "தேத்தண்ணி குடிக்க வாங்கோ," என்று எல்லாரையும் கூப்பிட்டுவிட்டு உள்ளே திரும்பினா. போகிறபோது சுஜீ அக்காவின் தலையில் கையை வைத்து, ஒரு தடவை மட்டும் தடவினா. சுஜீ அக்கா அழத் தொடங்கினா. நான் பிளாஸ்டிக் கரப்பானை அவவின் தோளில் வைத்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அது வேலை செய்தது.

விருந்து ஹோலில் இரும்புப் பீப்பாய்க்கு மேடைக்குப் பக்கத்திலேயே ஒரு மேசை கிடைத்தது. போர்ட்டை சுஜீ அக்கா தன் கையால் எழுதினா: "சத்தியபாமா வடித்த பியர்." அதற்குக் கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில், "கசிப்பு அல்ல." பட்டுச்சேலையும் அட்டியலுமாய்ப் பெரியம்மா மேசைக்குப் பின்னால் நின்று ஊத்தினா. முதலில் சனம் தள்ளி நின்று பார்த்தது. பிறகு ஒருத்தர், பிறகு அவரின் மச்சான், பிறகு வரிசை. விக்னராஜா அங்கிள் இரண்டாம்முறை வந்தபோது தன் தமையனையும் கூட்டிக்கொண்டு வந்தார். சில அன்ரிமார் வாயைச் சுழித்தார்கள்தான். அவர்களிடம் என் அம்மா போய், "அது என்ர அப்ப மா," என்று சொல்லிக்கொண்டு திரிந்தா.

படம் எடுக்கிற பெடியன் மூன்று தரம் வந்து கூப்பிட்டான். பொம்பிளையின்ர அம்மா மேடைக்கு வரவேணும், குடும்பப் படம். பெரியம்மா, "வாறன், இந்தக் கிளாஸ் முடியட்டும்," என்றா. கிளாஸ் முடியவில்லை, வரிசை நீண்டுகொண்டே இருந்தது. கடைசியில் சுஜீ அக்கா மேடையிலிருந்து சேலைக் கொசுவத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தா, பின்னால் மாப்பிள்ளை. நான் நினைத்தேன், இழுத்துக்கொண்டு போகப்போகிறா என்று.

"அம்மா வரமாட்டா," என்று பெடியனிடம் சொன்னா. "கமராவை இங்க கொண்டு வாங்கோ."

மேசைக்குப் பின்னால் எல்லாரையும் நெருக்கி நிறுத்தினா. மாப்பிள்ளை, பெரியப்பா, அம்மா, நான். மாப்பிள்ளையின் தாயும் விக்னராஜா அங்கிளும் வரிசையிலிருந்து கிளாஸோடு வந்து சேர்ந்துகொண்டார்கள். எல்லாரும் கமராவைப் பார்த்துச் சிரித்தோம். பெரியம்மா மட்டும் பார்க்கவில்லை. கிளாஸ் விளிம்புக்கு நுரை சரியாய் ஏறுதோ என்று பைப்பையே பார்த்துக்கொண்டிருந்தா.